விதையைத் தோண்டிப் பார்க்காதீர்கள்

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தை பிறந்ததும் வெள்ளரி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே துயரம்தான். விதை போட்டேன், முளைக்கவில்லை. முளைத்தது, செத்துவிட்டது. ஆகவே இந்த இதழை முழுக்க வெள்ளரிக்கே ஒதுக்கிவிட்டேன். தக்காளி, கத்தரி பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதங்கள் என் மேசையில் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பிப் பத்து வெள்ளரி விதை போட்டேன். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் ஒன்றும் தெரியாததால் விரலால் கிளறிப் பார்த்தேன். பல விதைகள் ஊதிக் கொழகொழவென்று இருந்தன. கடைசியில் இரண்டுதான் வந்தன. கடையில் போலி விதை கொடுத்துவிட்டார்களா அம்மா?
வாசகி, அம்பத்தூர்

பதில்: விதையின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. பத்தில் இரண்டு முளைத்திருக்கிறதே! மற்ற எட்டும் தண்ணீரில் மூச்சுத் திணறிப் போயிருக்கின்றன. விதைக்குள் இருப்பது ஓர் உயிர். ஈரம் பட்டதும் அது மூச்சுவிடத் தொடங்குகிறது. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் இரண்டு வேளையும் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடமேது? காற்று இல்லாத ஈரத்தில் விதை அழுகும்.

விதைக்கும் முன் நார்க்கழிவை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். அந்த ஈரம் போதும். விதைத்த பின் தட்டின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து நிழலில் வையுங்கள். மேற்பரப்பு வெளிறிக் காய்ந்தால் மட்டும் கையால் தண்ணீர் தெளியுங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே தாளை எடுத்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிச்சம் தேடி நூலாக நீண்டுவிடும். அந்தத் தண்டு பிறகு தேறாது.

ஆழம் அரை அங்குலம். இதில் கவனமாக இருங்கள், காரணம் சொல்கிறேன். வெள்ளரி முளைக்கும்போது முதலில் வேர் கீழே இறங்கும். பிறகு தண்டு கொக்கிபோல வளைந்து, வித்திலைகள் இரண்டையும் மேலே இழுக்கும். வேரும் தண்டும் சேரும் கழுத்தில் ஆணிபோல ஒரு சிறு மேடு இருக்கும். அது விதைத்தோலின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வித்திலைகள் தோலிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். மேலே கொஞ்சம் மண் கனம் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். மேலாக விதைத்தால் தோல் கழலாமல் தொப்பிபோல வித்திலையின் நுனியில் மாட்டிக்கொள்ளும். அப்படி வந்தால் பிடுங்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஊறிய பின் மெல்லக் கழற்றுங்கள்.

இத்தனையும் நடக்கும் இடத்தில்தான் உங்கள் விரல் போய்க் கிளறியிருக்கிறது. அந்த நேரத்தில் வேர் நுனி ஒடிந்தால் கண்ணுக்கே தெரியாது. மண்ணில் நல்ல சூடு இருந்தால் வெள்ளரி மூன்று முதல் ஐந்து நாளில் வந்துவிடும். ஏழு நாள் வரை பொறுங்கள். தோண்டிப் பார்க்காதீர்கள்.

பார்த்தே ஆக வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டால் என் அம்மா செய்ததைச் செய்யுங்கள். விதையை மாலையில் தண்ணீரில் போட்டு, படுக்கப் போகுமுன் வடித்துவிடுவார். ஐந்தாறு மணி நேர ஊறல்தான். பிறகு நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் முடிந்து, வைக்கோல் போருக்குள் செருகி வைப்பார். இரண்டாம் நாள் காலையில் அவிழ்த்தால் ஒவ்வொரு விதையின் கூர்முனையிலும் வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். அது எள் அளவு இருக்கும்போதே மண்ணுக்குப் போய்விட வேண்டும். உங்கள் வீட்டில் வைக்கோல் இருக்காது. மூடி போட்ட டப்பாவில் வைத்துச் சமையலறை மேடையில் விடுங்கள், போதும். பழைய விதைக்கும் இது நல்ல சோதனை. பத்தில் ஏழு மூக்கு விட்டால் நம்பி விதைக்கலாம்.

கேள்வி: மார்கழியில் விதைத்தேன். பன்னிரண்டு நாளாகியும் அசைவில்லை. மண்ணை ஈரமாகத்தான் வைத்திருந்தேன்.
வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் வெள்ளரி முளைக்காது ஐயா. இது சூட்டில் பிறக்கும் செடி. மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் இருந்தால் துள்ளி எழும். 15க்குக் கீழே போனால் விதை அப்படியே கிடந்து மக்கும். பங்குனி வரை காத்திருங்கள். அவசரமென்றால் துணியில் முளைகட்டி, டப்பாவைக் குளிர்பதனப் பெட்டியின் மேல், பின்பக்கச் சூடு படும் இடத்தில் வையுங்கள். முளைத்த பிறகும் இரவுக் குளிர் படாத இடம் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

சமவெளிக்காரர்களுக்கு இரண்டு பட்டம்: ஆடிப்பட்டம், தைப்பட்டம். என்னைக் கேட்டால் வீட்டுத் தோட்டத்துக்குத் தையும் மாசியும்தான் சிறந்தவை. பனி விலகி வெயில் ஏறும் நேரம். பங்குனி, சித்திரையில் நாக்கு வறளும்போது கொடியில் பிஞ்சு இருக்கும்.

கேள்வி: பொட்டலத்தில் விதைகள் ரோஜா நிறத்தில் இருக்கின்றன. கழுவிவிட்டுப் பஞ்சகவ்யத்தில் ஊற வைக்கலாமா?
வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். அது பூஞ்சணக்கொல்லி பூசிய விதை. பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகவே சாயம் சேர்க்கிறார்கள். அப்படியே விதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் பூச்சில்லாத நாட்டு விதையை வாங்கி, விதைக்குமுன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்துப் பூசிக்கொள்ளலாம். கிலோவுக்கு 4 கிராம் என்பது வயல் கணக்கு. வீட்டுக்கு ஒரு சிட்டிகை.

கேள்வி: நாற்றெல்லாம் தட்டில் அழகாக வந்தது அக்கா. நான்கைந்து இலை வரும் வரை காத்திருந்து, பலமாக இருக்கிறதென்று குரோ பேக்கில் நட்டேன். மறுநாளே துவண்டது. ஒரு வாரத்தில் ஒன்பது செடியும் போய்விட்டன. கத்தரி நாற்றை இப்படித்தானே நடுகிறோம்?
வாசகி, கும்பகோணம்

பதில்: கத்தரியையும் தக்காளியையும் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளாமல் வேர் விடும். வெள்ளரி அந்த இனமில்லை. பூசணி, பாகல், பீர்க்கன், சுரை என்று இந்தக் குடும்பமே வேரைத் தொட்டால் வாடிவிடும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் நாற்பது வெள்ளரி நாற்றைப் பெரிதாக வளர்த்துப் பிடுங்கி நட்டேன். பிழைத்தவை ஒன்பது. தோட்டக்கலையைப் படித்துவிட்டு வந்த எனக்கு, என் அம்மா ஏன் ஒரு வெள்ளரிச் செடியையும் இடம் மாற்றியதில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரை. தையில் ஆறு வற்றி மணல் திட்டுகள் எழும்பும்போது ஊரில் பாதிப் பேர் வெள்ளரி போட இறங்குவார்கள். முழங்கால் ஆழத்துக்கு மணலைத் தோண்டி, அடியில் ஒரு கூடை மக்கிய ஆட்டு எரு, அதன் மேல் வண்டல், அதன் மேல் விதை. குழிக்கு நான்கு விதை போட்டு, முளைத்ததில் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதை நகத்தால் கிள்ளிவிடுவார்கள். பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு, குழிக்கு ஒரு செம்பு. பிறந்த குழியிலேயே அந்தச் செடி காய்த்து, பழுத்து, காயும். பட்டுப்போன செடியை அங்கே நான் பார்த்தது குறைவு.

நீங்களும் அதையே செய்யுங்கள். கொடி எங்கே வாழப் போகிறதோ அங்கேயே விதையுங்கள். பதினைந்து அங்குல குரோ பேக் என்றால் மூன்று விதை போட்டு ஒன்றை மட்டும் வளரவிடுங்கள். கிள்ள மனம் வராதென்று எனக்குத் தெரியும். இரண்டு கொடி ஒரே பையில் ஏறினால் சித்திரையில் இரண்டும் சேர்ந்து தண்ணீருக்குத் தவிக்கும்.

பையில் செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், கழுவிய நார்க்கழிவு மூன்றும் சம அளவு போடுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்க்கலாம். சாணம் பச்சையாகப் போகக்கூடாது.

அணிலும் எலியும் விதையைத் தோண்டி எடுத்துவிடுகின்றன என்பவர்களுக்கு ஒரு வழி. கண்ணில் ஓட்டை உள்ள கொட்டாங்கச்சியை விதைத்த இடத்தின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்ததும் எடுத்துவிட்டு, வலைக் கூடை ஏதாவது கவிழ்த்துவிடலாம்.

இடமில்லை, தட்டில்தான் வளர்க்க முடியும் என்றால் செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கிண்ணத்தில் ஒவ்வொரு விதையாகப் போடுங்கள். வித்திலை இரண்டுக்கும் நடுவில் சொரசொரப்பான முதல் இலை விரிந்தவுடன், பத்துப் பன்னிரண்டு நாளில், தாளோடு சேர்த்து மாலை வேளையில் மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். நான்கைந்து இலை வரை காத்திருந்ததுதான் உங்கள் ஒன்பது செடியையும் கொன்றது. செடி பலமாக இருந்ததென்றால் வேரும் நிறைய இருந்தது, அறுபட்டதும் நிறைய என்று அர்த்தம்.

கேள்வி: கொடி ஆறடி ஏறிவிட்டது. முப்பது பூவாவது பூத்திருக்கும். ஒரு காய்கூட இல்லை, எல்லாம் உதிர்கிறது. என்ன உரம் போட வேண்டும்?
வாசகர், மதுரை

பதில்: உரம் எதுவும் போடாதீர்கள். ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். இதழுக்குப் பின்னால் வெறும் மெல்லிய காம்பு இருந்தால் ஆண் பூ. சுண்டுவிரல் நுனி அளவில், முள்முள்ளாக ஒரு குட்டி வெள்ளரிக்காயே ஒட்டியிருந்தால் பெண் பூ. முதலில் ஆண் பூக்கள்தாம் வரும். வாரம், பத்து நாள் கழித்துப் பெண் பூ தலைகாட்டும். ஆண் பூ ஒருநாள் பூத்து உதிர்வது அதன் வழக்கம். வெயில் கடுமையானாலும், தழைச்சத்து மிகுந்தாலும் ஆண் பூ கூடும். நீங்கள் யூரியாவோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ வாரம் தவறாமல் ஊற்றியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளித்துச் சுருங்கி விழுந்தால் தேனீ வரவில்லை என்று பொருள். மாடித் தோட்டங்களில் இது பெரிய குறை. காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் அரைகுறையாகப் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி வளையும். வளைந்த காய்க்கு நோய் என்று மருந்தடிக்கிறார்கள். பல நேரம் அது தேனீயின் குறைதான். இரண்டு தொட்டியில் துளசியோ செண்டுமல்லியோ வையுங்கள். பூக்கும் காலத்தில் காலை வேளையில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வேப்ப எண்ணெய் உட்பட.

மகரந்தம் இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்களும் உண்டு. பசுமைக்குடில்களில் வளர்ப்பவை அவை. விதையின் விலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டுக்கு அது தேவையில்லை.

கேள்வி: என் வீட்டு வெள்ளரிக்காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. பக்கத்தில் பாகற்கொடி படர்ந்திருக்கிறது, மகரந்தம் கலந்துதான் இப்படி ஆகிவிட்டது, பாகலைப் பிடுங்கு என்கிறார் என் மாமியார். அவர் வைத்த கொடி நன்றாகக் காய்க்கிறது, பிடுங்க எனக்கு மனமில்லை. என்ன செய்வது அம்மா?
வாசகி, விழுப்புரம்

பதில்: பாகற்கொடியைப் பிடுங்க வேண்டாம் அம்மா. பாகலும் வெள்ளரியும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினம். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் சேராது. அப்படியே சேரக்கூடிய ஒரு மகரந்தம் பட்டாலும் அதன் குணம் விதைக்குள்தான் போகும். நாம் கடிக்கும் சதை முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு. இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். தன் கொடி பிழைத்ததில் அவருக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும்.

கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்ற பொருள். வெள்ளரியின் இலையிலும் தண்டிலும் அது பிறவியிலேயே இருக்கிறது. தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராகக் கொடி வைத்திருக்கும் காவல் அது. காட்டு வெள்ளரியின் காயும் கசக்கும். வெள்ளரி பிறந்ததே நம் நாட்டில்தான். இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு உறவு இன்றும் வளர்கிறது, அதன் சின்னஞ்சிறு காய் கடுங்கசப்பு. தலைமுறை தலைமுறையாகக் கசப்பில்லாத காயின் விதையையே எடுத்து வைத்து இந்தக் குளிர்ச்சியான காயை நம் முன்னோர் உண்டாக்கினார்கள். கொடி வாடும்போது அந்தப் பழைய கசப்பு காய்க்குள் இறங்கிவிடுகிறது.

வாட்டம் எங்கிருந்து வருகிறது? அநேகமாகத் தண்ணீரிலிருந்து. தண்ணீர் குறைவதைவிட, ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருப்பதுதான் பெரும் கேடு. காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். நீங்கள் ஊற்றியதைத்தான் அது உங்களுக்குத் திருப்பித் தருகிறது. இங்கே திருவரங்கத்தில் என் மாடியில் பங்குனி, சித்திரையில் காய்க்கும் கொடி ஒன்றுக்குக் காலை இரண்டு லிட்டர், மாலை இரண்டு லிட்டர் விடுகிறேன். பூவாளியால் மேலே பொழியாமல், வேரடியில் மெதுவாக. பையின் மேல் மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு அல்லது கரும்புச் சோகை மூடாக்கு. பகல் வெயில் பையின் பக்கவாட்டில் அடித்தால் உள்ளே வேர் வெந்துவிடும். பழைய கோணிச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு இலை சற்றே தொங்கினால் பதறி ஊற்றாதீர்கள், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலேயே தொங்கியிருந்தால்தான் தாகம்.

காயையும் முற்றவிடாதீர்கள். கசப்பு காம்புப் பக்கத்தில்தான் கூடுதல். காம்பிலிருந்து ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, தோலையும் சீவினால் பாதிக்கு மேல் போய்விடும். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் பழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. என் அனுபவத்தில் கசப்பைக் குறைத்தது நாம் வெட்டி எறிந்த துண்டுதான், தேய்த்தது அல்ல.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாயில் வைத்ததும் துப்பத் தோன்றும் அளவுக்குக் கசந்தால் அந்தக் காயை உப்புப் போட்டோ, தயிரில் கலந்தோ தின்னாதீர்கள், சாறு எடுக்கவே எடுக்காதீர்கள். வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும் பொருள் அது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. அங்கேயும் குற்றவாளி இதே வகைப் பொருள்தான். வீட்டில் விளைந்ததை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம் இந்த ஒரு இடத்தில் வேண்டாம். உரக்குழியில் போடுங்கள்.

கேள்வி: சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு என்று ஒன்று, பனையோலையில் கட்டி விற்கும் வெடித்த வெள்ளரிப்பழம் என்று ஒன்று. பிஞ்சைக் கொடியிலேயே விட்டால் அந்தப் பழம் ஆகுமா?
வாசகர், கோவில்பட்டி

பதில்: ஆகாது. இரண்டுக்கும் வெள்ளரி என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, வெடித்து மாவாகப் பிளக்கும் அந்தப் பழம் முலாம்பழத்தின் இனம். வெள்ளரியின் உயிரணுவில் 14 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), முலாம்பழ இனத்தில் 24. பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தாலும் தானாகக் கலக்காது. வெள்ளரிக்காயைக் கொடியில் விட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறி, புளித்த வாடை வரும். நாட்டுச் சர்க்கரை போட்டுச் சாப்பிடும் பழம் அதிலிருந்து வராது.

ஆகவே விதை கேட்கும்போது பிஞ்சுக்கா பழத்துக்கா என்று சொல்லிக் கேளுங்கள். பிஞ்சுக்கென்றால் உங்கள் வட்டாரத்துச் சந்தையில் விற்கும் குட்டை நாட்டு ரகமே முதல் தேர்வு. உங்கள் பக்கத்து வெயில் அதற்குப் பழக்கம். நீளக் காய் வேண்டுமென்றால் ஜப்பானிய நீளப் பச்சை, ஸ்ட்ரெயிட் எய்ட், பாயின்செட் ஆகியவை பல காலமாக இங்கே விளைபவை. இந்த மூன்றிலும் விதை எடுத்து மறுபடி போடலாம்.

கேள்வி: முளைத்த இரண்டாம் நாளே செம்மஞ்சள் வண்டு வந்து இலையைச் சல்லடையாக்குகிறது. தப்பிய கொடியில் காய்த்தால் உள்ளே புழு. வெறுத்துப்போய்விட்டேன்.
வாசகி, சேலம்

பதில்: வண்டுக்கு வழி எளிது. விதைத்த அன்றே நான்கு குச்சி நட்டுப் பழைய கொசுவலையைப் போர்த்துங்கள். ஐந்தாறு இலை வந்தபின் வண்டு கடித்தாலும் கொடி தாங்கும். அப்போது எடுத்துவிடலாம். பூக்கும்போது வலை இருந்தால் தேனீ உள்ளே வர முடியாது. வலை இல்லாதவர்கள் விடியற்காலையில் போங்கள். குளிரில் வண்டு மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். பனி ஈரம் காயுமுன் இலை மேல் அடுப்புச் சாம்பல் தூவுவதும் உதவும்.

புழுதான் வேதனை. அது பழ ஈயின் வேலை. பிஞ்சுத் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குத்திய இடத்தில் பிசின்போல ஒரு சொட்டு நிற்கும். உள்ளே பொரித்த புழு சதையைத் தின்று, பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து ஈயாக எழுந்து உங்கள் அடுத்த பிஞ்சுக்கு வரும். காய்க்குள் போய்விட்ட புழுவை எந்தத் தெளிப்பும் தொடாது. எனவே வேப்ப எண்ணெயை வாரி அடித்துப் பயனில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். பெண் பூ காய்பிடித்து இதழ் வாடியதும், அன்றே, பிஞ்சைச் செய்தித்தாள் உறையால் மூடி வாயை நூலால் கட்டிவிடுகிறேன். பத்துக் கொடிக்கு இதைச் செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று கொடிக்குத் தாராளமாக முடியும். குத்துப்பட்ட காயைச் செடியடியில் போடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, ஒரு வாரம் மொட்டை வெயிலில் வையுங்கள். வேரைத் தொடாமல் மேல்மண்ணை அவ்வப்போது லேசாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் சாகும். கியூலூர் வைத்த இனக்கவர்ச்சிப் பொறி உரக்கடையில் கிடைக்கும். அது ஆண் ஈக்களைப் பிடிக்கும். ஒன்று வாங்கிப் பந்தலில் தொங்கவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் பாகலோ பீர்க்கனோ இருந்தால் அவர்களையும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஈ மதில் சுவரைப் பார்த்து நிற்பதில்லை.

வெறுத்துப்போகாதீர்கள் அம்மா. இந்த மாசியிலேயே மறுபடி விதையுங்கள்.

கேள்வி: இலை மேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருக்கிறது.
வாசகர், திண்டுக்கல்

பதில்: சாம்பல் நோய். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் உள்ள காலையில் இலையின் இருபுறமும் நனைய வாரம் ஒருமுறை தெளியுங்கள். பூவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலைகளில் முற்றிவிட்டால் அவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். கொடியைத் தரையில் விடாமல் பந்தலில் ஏற்றிக் காற்றோட்டம் கொடுத்தால் பாதி தொல்லை வராது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளித் தோட்டத்தில் வெள்ளரி நன்றாகக் காய்த்தது. அந்தக் காயிலிருந்து விதை எடுத்தேன். வெள்ளையாக, மெலிதாக இருக்கிறது. முளைக்கவில்லை. ஏன் டீச்சர்?
மாணவி, தஞ்சாவூர்

பதில்: மகளே, நீ விதை எடுத்தது நாம் சாப்பிடும் பருவத்துக் காயிலிருந்து. அது குழந்தைக் காய். அதற்குள் விதை இன்னும் உருவாகவே இல்லை. பூ காய்பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் கொடியிலேயே விட வேண்டும். காய் தடித்து, மஞ்சளோ பழுப்போ ஏறி, நகம் பதியாத அளவு தோல் இறுகும். கொடியின் நடுப்பகுதியில் நேராக, நோயில்லாமல் வந்த முதல் காய்களில் ஒன்றைத் தேர்ந்து சிவப்பு நூல் கட்டிவிடு. யாரும் பறிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு காய் முற்றத் தொடங்கினால் கொடி புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே விதைக்கென்று ஒரு கொடியைத் தனியாக விட்டுவிடுவது நல்லது.

உங்கள் தோட்டத்தில் இரண்டு ரக வெள்ளரி இருந்தால் விதைக்கு விடும் பூவைக் காவல் காக்க வேண்டும். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும், அதே ரகத்தின் ஆண் மொட்டு இரண்டையும் முதல்நாள் மாலையே அடையாளம் கண்டு, நுனியை நூலால் மெல்லக் கட்டிவிடு. காலையில் அவிழ்த்து நீயே மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடு. தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவர முடியாது. பொட்டலத்தில் எஃப் ஒன் (F1) என்று எழுதியிருந்த கலப்பின விதையிலிருந்து வந்த கொடி என்றால் இந்த வேலையெல்லாம் வேண்டாம். அதன் பிள்ளைகள் தாயைப்போல இருக்காது.

பழுத்த காயைப் பறித்து ஒரு வாரம் நிழலில் வை. பிறகு நீளவாக்கில் பிளந்து, விதையைச் சதையோடு வழித்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விடு. விதையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு வழவழப்பு இருக்கும். பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் விதையைத் தடுத்து வைத்திருப்பது அது. இரண்டு நாள் புளித்தால் கரைந்துவிடும். நாற்றம் வரும், மூக்கைப் பொத்திக்கொள். மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றிக் கழுவினால் உள்ளீடில்லாத பொக்கு விதையெல்லாம் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதை ஊற்றிவிடு. அடியில் நின்றதை ஒரு தட்டில் பரப்பி நிழலில் காயவை. தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாரம் கழித்து ஒரு விதையை வளைத்துப் பார். வளைந்தால் இன்னும் காய வேண்டும். படக்கென்று ஒடிந்தால் சரி. காய்ந்த அடுப்புச் சாம்பலோடு கலந்து மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டு. ஈரம் படாமல், சூடு படாமல் இருந்தால் மூன்று நான்கு ஆண்டு தாராளமாக முளைக்கும். என் அம்மா சாம்பல் கலந்து புதுச் சாணத்தில் பிசைந்து அடுப்படிச் சுவரில் வறட்டியாக அப்பி வைப்பார். அந்தப் புகைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த விதைதான் ஒவ்வொரு தையிலும் கொள்ளிடத்து மணலுக்குப் போகும்.

விதை தயாரானதும் பத்தை எண்ணி ஈரத்துணியில் முடிந்து பார். எத்தனை மூக்கு விட்டது என்று எனக்கு எழுது.